கொங்கு அலுவலகத்துப் பேச்சும் கிண்டலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரவணம்பட்டி மென்பொருள் கம்பெனியோ, திருப்பூர் பனியன் கம்பெனியோ, பெருந்துறை சிப்காட் ஆலையோ, காங்கயத்து எண்ணெய் மில்லின் கணக்கு அறையோ, எதில் வேலைக்குச் சேர்ந்தாலும் வெளியூர்க்காரர் முதல் வாரத்திலேயே பேச்சில் இடறுவார். தங்கள் பேச்சு வெளியூர்க் காதில் எப்படி விழுகிறது என்று தெரியாமல் உள்ளூர்க்காரர்களும் இடறுவதுண்டு. இரண்டு தரப்பும் கேட்கிற கேள்விகள் இங்கே இருக்கின்றன.

கூப்பிட்டால் "ஏனுங்க?" என்கிறார். எதிர்க்கேள்வி கேட்கிறாரா?

இல்லை. மற்ற ஊர்களில் "ஏன்" காரணம் கேட்கும் சொல். கொங்கில் கூப்பிட்ட குரலுக்கு "ஏனுங்க?" என்றால் "என்ன வேணும், சொல்லுங்க" என்று பொருள். "ரிப்போர்ட் அனுப்புனீங்களா?" என்று சென்னையிலிருந்து மாறி வந்த மேலாளர் கேட்கிறார். "ஏனுங்க?" என்று பதில் வருகிறது. சரியாகக் காதில் விழவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்பதுதான் அது. மேலாளருக்கோ "எதுக்கு அனுப்பணும்?" என்று கேட்ட மாதிரி இருக்கும். பல மனக்கசப்பு இந்த ஒரு சொல்லில்தான் ஆரம்பிக்கிறது. உள்ளூர்க்காரர்கள் வெளியூர் மேலாளரிடம் முதல் சில மாதங்களுக்கு "சொல்லுங்க சார்" என்று மாற்றிக்கொண்டால் நல்லது.

"இல்லீங்க" என்று ஆரம்பிப்பதும் இப்படித்தான். "இல்லீங்க, அது வந்துங்க..." என்றால் மறுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரியவர் பேச்சுக்கு நடுவில் நுழைய அனுமதி கேட்கிற முறை அது. முழு வாக்கியத்தையும் கேட்ட பிறகே ஆமா, இல்லை எதுவென்று முடிவு செய்யுங்கள்.

எல்லாச் சொல்லிலும் "ங்க" ஒட்டுகிறார்களே, மரியாதையா, கிண்டலா?

பெரும்பாலும் மரியாதைதான். ஆனால் அது யாருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். "அவன் இன்னும் வரலீங்க" என்பதில் மரியாதை கேட்கிற உங்களுக்கு, வராதவனுக்குக் கிடையாது. வினைச்சொல் என்றில்லாமல் நேரம், எண், பெயர் எல்லாவற்றிலும் ஒட்டும்: "நாளைக்குங்க", "நானூறு பீஸுங்க", "கோபிங்க". வேகமாகப் பேசும்போது தேய்ந்துவிடும்: சரிங், ஆமாங், வாங்ணா, சொல்லுங்க்கா. தேய்ந்தால் மரியாதை குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பழக்கம் மாறும் இடத்தில்தான் கிண்டல் பிறக்கிறது. நீ, வா, போ என்று பேசிப் பழகியவர், நீங்கள் பத்தரைக்கு உள்ளே நுழையும்போது "வாங்க சார், வாங்க, காப்பி சொல்லட்டுங்களா?" என்றால் தாமதத்தைக் குத்துகிறார். சிரித்துக்கொண்டு "ஒண்ணு சொல்லுங்க, சக்கரை கம்மியா" என்று உட்கார்ந்துவிட்டால் முடிந்தது. நேர்மாறான மாற்றம்தான் கவலைக்குரியது. எப்போதும் ங்க போடுகிறவர் திடீரென்று அதை விட்டுவிட்டால் கிண்டல் முடிந்து கோபம் தொடங்கிவிட்டது. கொங்குக்காரர் பலர் குரலை உயர்த்துவதற்கு முன்பே ங்க-வைக் கழற்றிவிடுவார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடுமையான திட்டும் ங்க-வோடு வரும். "உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?" என்பது மரியாதையான வடிவில் வந்த முழுத் திட்டுதான். எனவே ங்க இருக்கிறது என்பதை மட்டும் வைத்து எல்லாம் சுமுகம் என்று முடிவு செய்யாதீர்கள்.

புதிதாக வந்தவர் பேசிப் பழக சரிங்க, இல்லீங்க, வாங்க, சொல்லுங்க ஆகிய நான்கும் போதும். "நானுங்க நேத்துங்க ஆபீஸுக்குங்க" என்று அடுக்கினால் உள்ளூர்க்காரருக்கு மிமிக்ரியாகத்தான் கேட்கும்.

குசும்பு, லொள்ளு, நக்கல், எகத்தாளம்: எல்லாம் ஒன்றுதானா?

இவற்றுக்குள் படி இருக்கிறது. அந்தப் படி தெரிந்தால் எங்கே நிறுத்துவது என்பதும் தெரியும்.

குசும்பு முகத்தை மாற்றாமல் செய்கிற விளையாட்டு. யார்மீதும் காயம் படாது, மாட்டிக்கொண்டவரும் கடைசியில் சிரிப்பார். "கோயமுத்தூர் குசும்பு" என்று பெயர் வாங்கியது இதுதான். பக்கத்து மேசைக்காரர் புதுச் சட்டையில் வந்தால், "ஏனுங்க, இன்னைக்கு இன்டர்வியூ எந்தக் கம்பெனிலீங்க?" என்று மெதுவாகக் கேட்பது நல்ல குசும்பு. லொள்ளு என்பது வாய்த்துடுக்கு. சொன்ன வேலைக்கு நேராகப் பதில் சொல்லாமல் வார்த்தையைப் பிடித்து மடக்குவது. "இந்த ஃபைலைக் கொஞ்சம் பாருங்க" என்றால், "பாத்துட்டனுங்க, நீலக் கலருங்க" என்று சொல்வது. ஒருமுறைக்குச் சிரிப்பு வரும். மூன்றாவது தடவை வேலை கெடும்.

நக்கல் ஆளைக் குறிவைக்கிறது. அவருடைய உருவம், பேச்சு, குடும்பம், படித்த கல்லூரி என்று ஏதோ ஒன்று பொருளாகிவிடும். எகத்தாளம் என்பது இளக்காரம், எதிரிலிருப்பவரை மதிக்கவில்லை என்று காட்டுவது. "என்ன எகத்தாளமா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் விளையாட்டு அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகும் "சும்மா குசும்புக்குத்தானுங்க" என்று சமாளிப்பது எரிகிற தீயில் எண்ணெய்தான். குசும்பா, எகத்தாளமா என்று பெயர் வைக்கிற உரிமை கேட்டவருக்கு உண்டு, சொன்னவருக்குக் கிடையாது.

எங்கள் கருத்தில் அலுவலகத்துக்குக் குசும்பு போதும். லொள்ளு நெருங்கியவர்களுக்குள் மட்டும் இருக்கட்டும். நக்கலுக்கு வேலை நேரத்தில் இடமே வேண்டாம்.

எந்தெந்தச் சொற்களால் வேலை தப்பாகிறது?

நேரமும் அளவும் சொல்கிற சொற்களால்தான் அதிகம்.

"வெள்ளனே வந்துருங்க" என்றால் விடியற்காலையில், நேரத்தோடு வரச் சொல்கிறார்கள். தறிக்காரருக்கு அது 5 மணியாக இருக்கும், மென்பொருள் கம்பெனிக்காரருக்கு 8 மணி. "பொழுதோட" என்றால் இருட்டுவதற்குள். கார்த்திகை மாதத்துப் பொழுதும் சித்திரை மாதத்துப் பொழுதும் ஒன்றில்லை. "சித்தெ இருங்க" என்பது கொஞ்ச நேரம். இரண்டு நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். "மளார்னு" என்றால் சட்டென்று, உடனே.

"ஒட்டுக்கா" என்பது எல்லாம் சேர்த்து, ஒன்றாக. "தாட்டி உடுங்க" என்றால் அனுப்பிவையுங்கள். "கட்டிங் பீஸை ஒட்டுக்கா தாட்டி உடுங்க" என்று தையல் யூனிட்டிலிருந்து போன் வந்தால் மொத்தமும் ஒரே வண்டியில் ஏற வேண்டும். புரியாமல் சைஸ் வாரியாக மூன்று நடை அனுப்பினால் மூன்று வண்டி வாடகை, மூன்று டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்). முதல் நடையில் வந்த சைஸை மட்டும் வைத்துக்கொண்டு லைன் ஓட்ட முடியாமல் பவர்டேபிள்காரர்கள் (மின் தையல் இயந்திரத்தில் தைப்பவர்கள்) சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. "எச்சு" என்றால் அதிகம். "பத்துப் பீஸ் எச்சா வைங்க" என்பது சேதாரத்துக்காகக் கூடுதலாக வைக்கச் சொல்வது. அதை ஆர்டர் எண்ணிக்கையோடு கூட்டி பில் போடக் கூடாது.

இதற்கு வழி எளிது. பேச்சில் எந்தச் சொல் வந்தாலும், போனை வைப்பதற்கு முன் எண்ணாக மாற்றித் திருப்பிச் சொல்லுங்கள்: "அப்ப நாளைக் காலைல 6 மணி, 1,200 பீஸு, ஒரே வண்டி, சரிங்களா?" பிறகு அதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். இப்படித் திருப்பிக் கேட்டதற்காகக் கொங்குப் பக்கத்தில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. விவரமான ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

கேலிக்கு இடம் கொடுக்கிற சொற்கள் சிலவும் இருக்கின்றன. "நாயம் பேசறாங்க" என்றால் அரட்டை அடிக்கிறார்கள், நீதிமன்றத்து நியாயத்தைத் தேட வேண்டாம். "அக்கட்டால போங்க" என்பதில் கோபம் இல்லை, அந்தப் பக்கம் நகரச் சொல்கிறார்கள். "பொக்குனு போச்சுங்க" என்றால் எதிர்பார்த்தது நடக்காமல் மனசு வாடிவிட்டது. சம்பள உயர்வுக் கடிதம் வருகிற மாதத்தில் அடிக்கடி காதில் விழும்.

விடுப்புக் காரணத்தில் வரும் சொற்களை மனிதவளத் துறை எப்படிப் புரிந்துகொள்வது?

இதில் தப்பு நடந்தால் மனசு நோகும், அதனால் விவரமாகவே சொல்கிறோம். கொங்கில் "அப்பாரு" என்றால் அப்பாவின் அப்பா. "அப்பாரு தவறிட்டாருங்க" என்று போனில் கேட்டதும், தந்தை இறந்துவிட்டார் என்று எல்லோருக்கும் இரங்கல் மின்னஞ்சல் அனுப்பிவிடாதீர்கள். "ஆத்தா" பல குடும்பங்களில் அப்பாவின் அம்மா, மற்ற ஊர்களில் பெற்ற தாய். "அப்பிச்சி" அம்மாவின் அப்பா, "அம்மிச்சி" அம்மாவின் அம்மா. துக்க விடுப்பு நாட்கள் உறவைப் பொறுத்து மாறும் கம்பெனிகளில் "அப்பாவோட அப்பாங்களா?" என்று மெதுவாக ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்துங்கள். அந்த நேரத்தில் இப்படிக் கேட்பது தப்பில்லை. தப்பாக எழுதி அனுப்புவதுதான் தப்பு.

"நோம்பி" என்றால் பண்டிகை, விரதம் இல்லை. "ஊர்ல மாரியம்மன் நோம்பிங்க" என்று விடுப்பு கேட்பவர் வீட்டில் விருந்து நடக்கும். "ஒறம்பரை வந்திருக்காங்க" என்றால் விருந்தாளிகளாக உறவினர்கள் வந்திருக்கிறார்கள். பட்டிப் பொங்கல் மாட்டுப் பொங்கலைக் குறிக்கும். தோட்டம் வைத்திருக்கும் வீட்டுக்காரர் அன்று வேலைக்கு வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

"பாத்துச் சொல்றனுங்க" என்றால் ஆமாவா, இல்லையா?

பெரும்பாலும் இல்லை. முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வது இங்கே மரியாதைக் குறைவு. அதனால் "பாக்கலாங்க", "கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்று வரும். உண்மையான ஒப்புதல் என்றால் வேலையின் விவரம் கூடவே வரும்: "ஆகட்டுங்க, புதன்கிழமை ஆளை அனுப்பறனுங்க." நாளோ பெயரோ தொகையோ வராத ஒப்புதலை ஒப்புதல் கணக்கில் எழுதாதீர்கள். தெரிந்துகொள்ள வேண்டுமானால் "முடியுமா, முடியாதா?" என்று நெருக்காமல், "எந்த நாள் போன் பண்ணட்டுங்க?" என்று கேளுங்கள். நாள் சொன்னால் யோசிக்கிறார். "நானே கூப்பிடறனுங்க" என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரை எப்படிக் கூப்பிடுவது?

தெரியாதபோது பெயரோடு "ங்க" சேர்ந்த பேச்சே போதும், அதில் தவறு வராது. திருப்பூர் தையல் கூடத்திலும் கடைகளிலும் அண்ணா, அக்கா இயல்பு. மேலாளரை "அண்ணா" என்று அழைப்பது அவர் விருப்பம் தெரிந்த பிறகு.

"அம்மிணி", "கண்ணு" இரண்டும் வீட்டில் பாசமான சொற்கள். வயதான அம்மா ஒருவர் கேன்டீனில் "அம்மிணி, இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கோ" என்றால் யாருக்கும் குறை தோன்றாது. அதே சொல்லை ஆண் மேற்பார்வையாளர் ஒரு பெண் பொறியாளரிடம், அதுவும் சரக்கு வாங்க வந்த பையர் முன்னால் சொன்னால், அந்தப் பொறியாளர் சின்னப் பிள்ளையாகிவிடுகிறார். அவர் சொல்லும் தொழில்நுட்பக் கருத்தும் சின்னதாகிவிடும். வேலை இடத்தில் ஆண்கள் இந்த இரண்டு சொற்களையும் விட்டுவிடுவதே முறை.

"பண்ணாடி" என்று முதலாளியை விளையாட்டாக அழைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். பண்ணையத்தில் கூலிக்கு இருந்தவர்கள் நிலவுடைமையாளரை அழைத்த சொல் அது. யாருடைய தாத்தா யாரை அப்படி அழைத்தார் என்ற நினைவு இந்த மண்ணில் இன்னும் இருக்கிறது.

"மச்சான்", "மாப்ள" ஆண்களுக்குள் சாதாரணம். ஆனால் முறை வைத்துப் பேசுவது அங்கே நிற்பதில்லை. "நீ மச்சான்னா உன்ற தங்கச்சி எனக்கு மொறையாச்சே" என்று அடுத்த வரி வரும். அந்த இடத்தில் பேசப்படுபவர் அங்கே இல்லாத ஒரு பெண். அலுவலகத்தில் இந்த முறைக் கிண்டல் எந்த வடிவிலும் வேண்டாம்.

"எந்த ஊருங்க?" என்று கேட்கலாமா?

ஊர் கேட்பதில் தப்பில்லை. அடுத்த கேள்வி எங்கே போகிறது என்பதுதான் விஷயம். ஊருக்குப் பிறகு "யாரூட்டுப் பையன்?", "அந்த ஊர்ல எந்தப் பக்கம் வீடு?", "எந்தக் கூட்டம்?" (எந்தக் குலம்) என்று நகர்ந்தால் கேட்கப்படுவது சாதி. கேட்கிறவருக்கு அது உறவு தேடும் பேச்சாகத் தோன்றலாம். பதில் சொல்ல வேண்டியவர் அதைத் தவிர்க்க முடியாமல் தவிப்பார். அலுவலகத்தில், குறிப்பாக நேர்காணலிலும் முதல் நாள் அறிமுகத்திலும், ஊரோடு நிறுத்துங்கள். உங்களிடம் கேட்டால் "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கமுங்க" என்று சொல்லி வேலைப் பேச்சுக்குத் திரும்பலாம்.

சாதிப் பெயரை வைத்துக் கிண்டல் செய்வது சட்டத்தில் குற்றமாகும் இடமும் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினத்தைச் சேர்ந்த ஒருவரை, அச்சமூகங்களைச் சேராத ஒருவர், பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லி ஏசினால், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

"சாப்ட்டீங்களா?" என்றால் சாப்பிடக் கூப்பிடுகிறார்களா?

வணக்கம் சொல்கிற மாதிரிதான். "ஆச்சுங்க, நீங்க?" போதும்.

வடமாநிலத் தொழிலாளர்களுக்கு விளையாட்டாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கலாமா?

சொல்லிக் கொடுங்கள், ஆனால் கெட்ட வார்த்தையை "நன்றி" என்று சொல்லிக் கொடுக்கும் விளையாட்டு வேண்டாம். அவர் அதை நம்பி மேற்பார்வையாளரிடம் சொல்வார். வேலை போவது அவருக்கு, சிரித்துவிட்டுப் போவது நீங்கள். இதைக் குசும்பு என்று நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

இயந்திரம் ஓடும் இடத்தில் முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டியவை உயிர் காக்கும் சொற்கள்: நிப்பாட்டு, கரண்ட், கை ஜாக்கிரதை, வலிக்குது, தண்ணி, டாக்டர். அடுத்து ஒன்று முதல் நூறு வரை எண்கள், பிறகு சம்பளம், லீவு, ஓவர்டைம். சொல்லிக் கொடுத்ததை அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எல்லோரையும் "இந்திக்காரங்க" என்று ஒரே பெயரில் அடக்காதீர்கள். ஒடியா, வங்காளம், அசாமி, போஜ்புரி பேசுகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். பெயர் கேட்டு, பெயர் சொல்லி அழையுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் என்ன மாறுகிறது?

குரலும் முகமும் போய்விடுகின்றன, அதனால் குசும்பு எகத்தாளமாகப் படிக்கப்படும். "சரி" என்று மட்டும் போட்டால் கொங்குக் கண்ணுக்கு வெட்டிப் பேசியது போல இருக்கும், "சரிங்க" என்று தட்டுங்கள். ஒருவரின் தவறைச் சுட்டிக்காட்ட குழு இடமில்லை, தனிச் செய்தி அனுப்புங்கள்.

கிண்டல் எல்லை மீறிவிட்டது. எப்படிச் சரி செய்வது?

அன்றைக்கே செய்யுங்கள், அடுத்த நாள் வரை விட்டால் அது இரண்டு வீட்டிலும் பேசப்பட்டிருக்கும். முதலில் தனியாக, அவர் மேசைக்குப் போய்ச் சொல்லுங்கள். "தப்பா நெனச்சுக்காதீங்க" என்பது மன்னிப்பு ஆகாது, நினைத்தவர்மீதே குற்றத்தை வைக்கிறது. "நான் அப்படிச் சொன்னது தப்புங்க, இனிமே சொல்ல மாட்டனுங்க" என்பதோடு நிறுத்துங்கள். எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று விளக்கப் போனால் அதே கிண்டலை இரண்டாம் தடவை சொன்னதாகிவிடும். நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் அந்த நாலு பேர் இருக்கும்போதும் ஒரு வரி சொல்ல வேண்டும். டீ வாங்கிக் கொடுத்துச் சமாளிப்பது மன்னிப்புக்குப் பிறகு சரி, அதற்குப் பதிலாகச் சரியில்லை.

பாலியல் வாடை அடிக்கும் கிண்டலை நிறுத்தச் சொல்லியும் கேட்கவில்லை என்றால்?

"சிரிச்சுட்டுத்தானே இருந்தே" என்பார்கள். சிரித்ததாலேயே அந்தப் பேச்சைச் சட்டம் அனுமதித்துவிடுவதில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் விரும்பத்தகாத பாலியல் சாயலுள்ள பேச்சும் அடங்கும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைமை மூத்த பெண் ஊழியருக்கு, உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர்.

நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசி நிகழ்விலிருந்து 3 மாதம். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்கு எழுதிக் கொடுக்க உதவுவது குழுவின் கடமை. புகாரில் நாள், இடம், சொன்ன சொற்கள் அப்படியே, கூட இருந்தவர்கள் பெயர் இருக்கட்டும். "அசிங்கமாப் பேசினார்" என்று மட்டும் எழுதினால் விசாரணையில் நிற்காது. வட்டாரச் சொல்லாக இருந்தால் அதையே எழுதி, பக்கத்தில் பொருளையும் எழுதுங்கள், வெளியூர் உறுப்பினருக்குப் புரிய வேண்டும். விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். புகாரை நிரூபிக்க முடியாமல் போனால் அது மட்டுமே பொய்ப் புகார் ஆகிவிடாது.

கொங்குப் பகுதியில் ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் யூனிட்டுகள் ஏராளம், பலவற்றில் முதலாளியே மேலாளர். 10 பேருக்குக் குறைவான இடத்துக்கும், புகார் முதலாளிமீதே இருந்தாலும், மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. அதை எப்படி அணுகுவது என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம்.